கால்களுக்கு முன் நாக்கு பழகட்டும்: இளைஞர்களுக்காக நிதி திரட்டும் நடைப்பயணத்துக்கு முதல் முறை தயாராகிறவர்களுக்கு

நிதி திரட்டும் நடைப்பயணத்துக்குப் புதிதாகப் பெயர் கொடுக்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அவ்வளவு தூரம் என்னால் நடக்க முடியுமா?" முடியும். பெரிய உடல்நலக் குறை இல்லாத ஒருவர் பன்னிரண்டு வாரம் ஒழுங்காகப் பழகினால் 30 கிலோமீட்டரை ஒரே நாளில் நடந்து முடித்துவிடலாம். சிக்கல் கால்களில் இல்லை. "எனக்காக இல்லை, அந்தப் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் பணம் தருவீர்களா?" என்று ஒரு நண்பரின் முகத்தைப் பார்த்துக் கேட்பதில்தான் இருக்கிறது.

என் முதல் நடைப்பயணத்தில் நான் இதை அறியாமல் இருந்தேன். மூன்று மாதம் அதிகாலையில் எழுந்து நடந்து பழகினேன். கேட்கும் வேலையை மட்டும் கடைசி வாரத்துக்குத் தள்ளி வைத்தேன். குறித்த தூரத்தை முழுவதும் நடந்தேன்; வந்து சேர்ந்த பணமோ இலக்கில் பாதிகூட இல்லை. தொழிற்பயிற்சிக்குப் போய்வரும் பஸ் கட்டணத்துக்காகச் சில இளைஞர்கள் அந்தப் பணத்தை எதிர்பார்த்திருந்தார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. அதனால் இந்த வழிகாட்டியில் நடைக்குப் பாதி, கேட்பதற்குப் பாதி இடம் தந்திருக்கிறேன். இரண்டையும் ஒரே நாளில் தொடங்குங்கள்.

முதலில் யாருக்காக என்று முடிவு செய்யுங்கள்

"வசதியற்ற இளைஞர்கள்" என்பது மிகப் பரந்த சொல். ஐக்கிய நாடுகள் சபை தன் புள்ளிவிவரங்களுக்கு 15 முதல் 24 வயது வரை உள்ளவர்களை இளைஞர்கள் என்று வகைப்படுத்துகிறது. அந்த வயதுக்குள் எத்தனையோ நிலைமைகள் உண்டு. பள்ளியைப் பாதியில் விட்டவர்கள், குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்து 18 வயதானதும் வெளியேற வேண்டியவர்கள், நோயுற்ற பெற்றோரைப் பராமரித்துக்கொண்டே படிப்பவர்கள், இடம்பெயர்ந்து வந்து புதிய மொழியில் தடுமாறுகிறவர்கள் என்று ஒவ்வொருவருக்கும் தேவை வேறு. நீங்கள் யாருக்காக நடக்கிறீர்கள் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்ல வராவிட்டால், நன்கொடை தருகிறவருக்கும் புரியாது.

அதன்பின் ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள். புதியவர்கள் தாங்களே பணத்தை வாங்கித் தாங்களே பிரித்துக் கொடுக்கும் வேலையில் இறங்கவே கூடாது. பதிவுபெற்ற, தணிக்கை செய்த கணக்கை வெளியிடுகிற, அந்த இளைஞர்களோடு அன்றாடம் வேலை செய்கிற ஓர் அமைப்பைத் தேடுங்கள். நேரில் போய்ப் பேசுங்கள். நான் எப்போதும் மூன்று கேள்விகள் கேட்பேன். சென்ற ஆண்டு எத்தனை இளைஞர்களோடு வேலை செய்தீர்கள்? அவர்களில் எத்தனை பேர் இன்னும் உங்களோடு தொடர்பில் இருக்கிறார்கள்? இன்னும் கொஞ்சம் பணம் கிடைத்தால் முதலில் எதைச் செய்வீர்கள்? மூன்றாவது கேள்விக்குச் சட்டென்று, குறிப்பாகப் பதில் வருகிற இடத்தில் வேலை நடக்கிறது என்று நம்பலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "நீங்கள் தரும் ஒவ்வொரு காசும் நேரடியாகப் பிள்ளைகளுக்கே போகும், சம்பளத்துக்குப் போகாது" என்று யாருக்கும் வாக்குத் தராதீர்கள். இளைஞர்களுக்கான பணியில் பெரும்பாலும் மனிதர்தான் உதவி. வேலைக்கான நேர்காணலுக்கு முந்தைய நாள் பயந்துபோன ஒரு பெண்ணோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசுகிறவர், கோபத்தில் பயிற்சியை விட்டுப் போன பையனைத் தேடிப் போய்த் திரும்ப அழைத்து வருகிறவர், இவர்களுக்கும் சம்பளம் வேண்டும். அந்தச் சம்பளத்தை வீண்செலவு போலப் பேசும் விளம்பரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எவ்வளவு தூரம்?

பெரிய தூரம் நடந்தால் பெரிய தொகை வரும் என்பது பொதுவான நம்பிக்கை. 2020 ஏப்ரலில் பிரிட்டனில் டாம் மூர் என்ற 99 வயது முன்னாள் ராணுவ அதிகாரி, நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தன் வீட்டுத் தோட்டத்தின் 25 மீட்டர் நீளத்தை நூறு முறை நடந்தார். மொத்தமே இரண்டரை கிலோமீட்டர். ஆயிரம் பவுண்டு திரட்டத் தொடங்கிய அந்த நடை, நாட்டின் பொதுச் சுகாதாரச் சேவைக்கான தொண்டு நிதிக்கு 3 கோடி பவுண்டுக்கு மேல் கொண்டுவந்தது. அப்படிப்பட்ட தொகை எல்லோருக்கும் வராது. ஆனால் நடக்கிறவருக்கு அந்தத் தூரம் எவ்வளவு கடினம் என்பதைத்தான் மக்கள் பார்க்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. மூட்டு வலியோடு வாழ்கிறவருக்கு 5 கிலோமீட்டர் போதும். நாள்தோறும் ஓடுகிறவருக்கு 15 கிலோமீட்டர் சவாலே அல்ல.

வடிவங்களும் பல. ஒரே நாளில் ஒரு தூரத்தை முடிப்பது ஒன்று. ஒரு மாதம் முழுவதும் நாள்தோறும் இத்தனை அடிகள் என்று நடப்பது இன்னொன்று. 10,000 அடி என்ற புகழ்பெற்ற எண், 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. மருத்துவர்கள் ஆராய்ந்து வகுத்த எல்லை அல்ல. ஆகவே அந்த எண்ணுக்குக் கீழே இலக்கு வைத்தாலும் குறையில்லை. சராசரியாக ஓர் அடி 70 சென்டிமீட்டர் என்று கொண்டால் 10,000 அடி 7 கிலோமீட்டர் ஆகும். நிமிடத்துக்கு நூறு அடி வைக்கும் மிதமான வேகத்தில் நூறு நிமிடம் பிடிக்கும். வேலைக்குப் போகிறவர்கள் தினம் அந்த நூறு நிமிடத்தை எங்கிருந்து எடுப்பார்கள் என்பதை முதலிலேயே யோசித்துக்கொள்ள வேண்டும். மாதம் முழுதும் நடக்கும் சவாலில் பலர் நடுவிலேயே நின்றுவிடுகிறார்கள். புதியவர்களுக்கு ஒரே நாள் நடையையே நான் பரிந்துரைப்பேன்: தேதி உறுதியாக இருக்கும், கேட்கும்போது சொல்லவும் எளிது.

குழுவாக நடப்பதும் உண்டு. ஹாங்காங்கில் 1981இல் கூர்க்கா படைவீரர்களின் பயிற்சியாகத் தொடங்கி, 1986இல் பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்ட 100 கிலோமீட்டர் 'டிரெயில்வாக்கர்' நடையில் நான்கு பேர் ஒரு குழு. 48 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அந்த நான்கு பேர் என்ற கணக்கு நல்ல கணக்கு. ஒருவருக்கு முடியாமல் போனால் ஒருவர் அவரோடு இருக்க, மற்ற இருவர் உதவி தேடிப் போகலாம். நால்வருக்கும் நான்கு நட்பு வட்டங்கள் இருப்பதால் கேட்கும் வேலையும் பகிர்ந்துகொள்ளப்படும்.

கேட்பது

பிறரிடம் கை நீட்டக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். அந்த வளர்ப்பில் தவறில்லை. ஆனால் தனக்காகக் கை நீட்டுவதும் இன்னொருவருக்காக வாய் திறப்பதும் ஒன்றல்ல என்பதை மனம் உடனே ஏற்பதில்லை. அதற்குப் பழக்கம் வேண்டும், காலுக்கு வேண்டியதைப் போலவே.

ஒரு தாளில் உங்களுக்குத் தெரிந்தவர்களில் அறுபது பேரின் பெயரை எழுதுங்கள். முதல் இருபதில் தயங்கி நிற்கும் மனம் நாற்பதைத் தாண்டியதும் பழைய ஆசிரியர், முன்பு ஒன்றாக வேலை பார்த்தவர், பக்கத்து வீட்டுக்காரர் என்று நீளும். அந்தப் பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள்: கேட்டால் கட்டாயம் தருவார்கள், தரலாம், தெரியாது. முதல் வாரத்தில் முதல் பிரிவினரிடம் மட்டும் கேளுங்கள். இணையத்தில் நன்கொடைப் பக்கம் திறந்திருந்தால், அது பூஜ்யத்தில் நிற்கும்போது பிறருக்கு அனுப்ப வேண்டாம். முதலில் வருகிற நான்கைந்து தொகைகளைப் பார்த்துத்தான் பின்னால் வருகிறவர்கள் தங்கள் தொகையை முடிவு செய்கிறார்கள். எனவே தாராளமாகத் தரக்கூடிய ஒருவரிடம் முதலில் போவது நல்லது. உங்கள் சொந்தப் பணத்திலிருந்தும் ஒரு தொகையை முதல் நாளே போடுங்கள். அது போட்டபிறகு கேட்கும் குரலில் வருகிற உறுதியை நீங்களே உணர்வீர்கள்.

எவ்வளவு என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். "உங்களால் முடிந்ததைத் தாருங்கள்" என்பது மரியாதையாகத் தோன்றினாலும் கேட்கப்படுகிறவரைத்தான் சங்கடத்தில் விடுகிறது. எவ்வளவு தந்தால் குறைவு, எவ்வளவு தந்தால் அதிகம் என்று அவர் யோசித்து, பிறகு பார்க்கலாம் என்று வைத்துவிடுவார். புற்றுநோயால் வலது காலை இழந்த டெரி ஃபாக்ஸ் என்ற இளைஞர், அந்த நோய் பற்றிய ஆய்வுக்கு நிதி திரட்ட 1980இல் செயற்கைக் காலோடு கனடாவின் குறுக்கே ஓடினார். 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடிய நிலையில் நோய் திரும்ப வந்ததால் நிறுத்த நேர்ந்தது. அவர் நாட்டு மக்களிடம் வைத்த வேண்டுகோள், ஆளுக்கு ஒரு டாலர். அடுத்த ஆண்டு பிப்ரவரிக்குள் 2 கோடியே 40 லட்சம் டாலர் சேர்ந்தது. அன்றைய கனடாவின் மக்கள்தொகையும் அதே அளவு. ஒரு டாலர் என்பது யாருக்கும் புரியும், யாராலும் முடியும்.

நீங்கள் தேர்ந்தெடுத்த நிறுவனத்திடம் செலவுகளை அலகு அலகாகக் கேட்டு வாங்குங்கள். ஒருவர் ஒரு வாரம் பயிற்சிக்குப் போய்வரும் செலவு, ஒரு பாடப்புத்தகத் தொகுப்பு, தச்சு வேலை பழகுகிறவருக்கு ஒரு கருவிப் பெட்டி என்று. அதை வைத்து இப்படி எழுதலாம்:

"வரும் மாதம் 15ஆம் தேதி நான் 30 கிலோமீட்டர் நடக்கப் போகிறேன். 18 வயதில் குழந்தைகள் இல்லத்தை விட்டு வெளியேறும் இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி தரும் நிறுவனத்துக்காக இந்த நடை. அவர்களில் ஒருவர் ஒரு மாதம் பயிற்சிக்குப் போய்வர இவ்வளவு செலவாகிறது. அதில் ஒரு வாரச் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ள முடியுமா? பணத்தை நேரடியாக நிறுவனத்தின் கணக்குக்கே அனுப்பலாம், ரசீதும் அவர்களிடமிருந்தே வரும். இப்போது முடியாது என்றால் தயங்காமல் சொல்லுங்கள், வருத்தமில்லை."

இதை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். குழுவில் கேட்டால் ஒவ்வொருவரும் மற்றவர் தருவார் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி, முதல் வரியை அவருக்கென்று மாற்றி, தனித்தனியாக அனுப்புங்கள். நெருக்கமானவர்களிடம் போனில் பேசுங்கள். அறுபது பேருக்கு இரண்டு மாலைகள் போதும்.

பதில் வரவில்லை என்றால் பெரும்பாலும் மறந்துவிட்டார்கள் என்றே பொருள். பத்து நாள் கழித்து ஒரு முறை நினைவூட்டலாம், நடைக்கு மூன்று நாள் முன்பு இன்னொரு முறை. அதற்குமேல் வேண்டாம். நினைவூட்டும்போது வெறும் வேண்டுகோளாக இல்லாமல் ஒரு செய்தியைச் சேர்த்து அனுப்புங்கள்: "இன்று முதல் முறையாக 20 கிலோமீட்டரைத் தொட்டேன், கடைசி நான்கு கிலோமீட்டர் கடினமாக இருந்தது." முடியாது என்று சொல்கிறவரிடம் நன்றி சொல்லி அதோடு விட்டுவிடுங்கள். அவர்களில் சிலர் பணத்தைவிட மதிப்புள்ளதைத் தருவார்கள். நன்கொடை தர இயலாத ஓர் இயந்திரப் பட்டறை உரிமையாளர் இரண்டு இளைஞர்களைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ள முன்வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்குக் கீழே வேலை செய்கிறவர்களிடம் நேராகக் கேட்காதீர்கள். அவர்களால் மறுக்க முடியாது. மறுக்க முடியாதவர் தருவது நன்கொடை ஆகாது. மாறாக, உங்கள் நிறுவன நிர்வாகத்திடம் போய், ஊழியர்கள் திரட்டும் தொகைக்கு இணையாக நிறுவனமும் ஒரு தொகை தருமா என்று கேளுங்கள். பல நிறுவனங்களில் இந்த ஏற்பாடு இருக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை.

கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாக்குறுதி வாங்கும் பழைய முறையும் உண்டு. குழந்தைகளுக்கு அது உற்சாகம் தரும். ஆனால் நடை முடிந்தபின் ஒவ்வொருவரிடமும் போய் வசூலிக்க வேண்டியிருக்கும், சிலரிடம் நிலுவை நிற்கும். முதல் முறை நடப்பவர் மொத்தத் தொகையாக முன்கூட்டியே பெறுவதே நிம்மதி.

பன்னிரண்டு வாரம்

30 கிலோமீட்டர் இலக்கு என்று வைத்துக்கொள்வோம். வாரத்தில் இரண்டு நாள் 40 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை சற்று வேகமாக நடங்கள்: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த அளவு வேகம். வார இறுதியில் ஒரு நீண்ட நடை. அதை முதல் வாரம் 6 கிலோமீட்டரில் தொடங்கி, 8, 10 என்று ஏற்றி, நான்காம் வாரம் 7க்கு இறக்குங்கள். பிறகு 12, 14, 17. எட்டாம் வாரம் மறுபடி 12. ஒன்பதில் 20, பத்தில் 24. பதினொன்றில் 14. பன்னிரண்டாம் வாரக் கடைசியில் நடைப்பயணம். நடுவில் இறக்குவதை வீண் என்று நினைத்துத் தாண்டிப் போகிறவர்களுக்குத்தான் முழங்காலும் கெண்டைக்காலும் பிடித்துக்கொள்கின்றன. தசை சீக்கிரம் வலுப்பெறும்; தசைநாரும் எலும்பும் மெதுவாகத்தான் பழகும். 24 கிலோமீட்டரை நடந்துவிட்டவர் மிச்சம் ஆறை அன்றைய உற்சாகத்தில் கடந்துவிடுவார்.

உங்கள் பாதையில் ஏற்றம் இருந்தால் நேரத்தைக் கணக்கிட ஒரு பழைய விதி உதவும். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892இல் சொன்னது அது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். ஓய்வு இதில் சேராது. புதியவர்கள் இன்னும் கால் பங்கு நேரம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நீரிழிவு, இதயக் கோளாறு, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தொடங்குவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். குறிப்பாக நீரிழிவு உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் கொப்புளம் வந்ததே தெரியாது; சிறு புண் பெரிதாகிவிடும்.

பாதம்

நீண்ட நடையைப் பாதியில் நிறுத்துகிறவர்களில் மூச்சு வாங்கி நின்றவர்களை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். பெரும்பாலும் பாதம்தான் காரணம்.

ஷூவை மாலை நேரத்தில் வாங்குங்கள். பகல் முழுவதும் நின்று நடந்தபின் பாதம் சற்று வீங்கியிருக்கும். நீண்ட நடையிலும் அப்படித்தான் வீங்கும். நடக்கும்போது அணியப்போகும் அதே சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இறக்கத்தில் விரல்நுனி ஷூவில் இடித்து இடித்து நகம் கறுத்துவிடும். புது ஷூவோடு நடைநாளுக்கு வராதீர்கள். ஐந்தாம் வாரத்துக்குள் வாங்கி, எல்லா நீண்ட நடைகளுக்கும் அதையே போடுங்கள்.

கொப்புளத்துக்குக் காரணம் உராய்வு. ஈரமும் சூடும் அதை விரைவுபடுத்துகின்றன. பருத்திச் சாக்ஸ் வியர்வையை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும், அதனால் தோல் ஊறி மென்மையாகிவிடும். விளையாட்டுக்கென்று விற்கும் செயற்கை இழை அல்லது கம்பளி கலந்த சாக்ஸ் மேல். ஒரு மாற்று ஜோடியைப் பையில் வைத்திருந்து, பாதி வழியில் பாதத்தைக் காற்றாட விட்டு மாற்றுங்கள். கால்நகங்களை இரண்டு நாள் முன்பே நேராக வெட்டிவிடுங்கள். தொடை, அக்குள் போல உரசும் இடங்களில் வாசலின் தடவுங்கள்.

இந்தப் பகுதியில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்: பாதத்தில் ஓரிடம் சூடாக எரிவது போலத் தோன்றிய அந்த நிமிடமே நில்லுங்கள். ஷூவைக் கழற்றி, தோலைத் துடைத்து உலர்த்தி, அந்த இடத்தில் ஒட்டுநாடாவைச் சுருக்கம் இல்லாமல் ஒட்டுங்கள். ஐந்து நிமிடம் ஆகும். கூட வருகிறவர்களை நிறுத்தக் கூச்சப்பட்டு, அடுத்த ஓய்விடம் வரை பார்க்கலாம் என்று போனால் அங்கே போய்ச் சேரும்போது கொப்புளம் எழும்பியிருக்கும். எழும்பிவிட்டால், சிறியதாக இருந்தால் உடைக்காதீர்கள். மேல்தோலே அதற்குக் காப்பு. மூடி ஒட்டிவிட்டு நடங்கள்.

இளைஞர்களைப் பற்றிப் பேசும்போது

நிதி கேட்கும் அவசரத்தில் பலர் தவறுவது இங்கே. பணம் வர வேண்டும் என்பதற்காக ஒரு சிறுவனின் அழுத முகத்தை, ஒரு பெண்ணின் குடும்பத் துயரத்தை ஊருக்கெல்லாம் காட்டிவிடுகிறோம். அந்தப் படம் இணையத்தில் நிற்கும். பத்து ஆண்டு கழித்து அவளோடு வேலை பார்ப்பவர் அதைப் பார்ப்பார். 1989இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 16ஆவது பிரிவு, 18 வயதுக்குக் குறைந்த ஒவ்வொருவருக்கும் அந்தரங்கத்துக்கான பாதுகாப்பை உறுதி செய்கிறது. 12ஆவது பிரிவு, தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் அவர்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்கிறது. நன்கொடை வேண்டுகோளுக்கும் இது பொருந்தும்.

நான் பின்பற்றும் வழி இது. பெயர், முகம், பள்ளி, தெரு எதுவும் வேண்டாம். துயரத்தை விவரிப்பதற்குப் பதில் தடையை விவரியுங்கள்: பயிற்சிக் கூடம் தொலைவில் இருக்கிறது, போக்குவரத்துச் செலவு இல்லை, அதனால் இடம் கிடைத்தும் சேர முடியவில்லை. இதைப் படிப்பவருக்கு இரக்கத்தோடு கூடவே தீர்வும் கண்ணுக்குத் தெரிகிறது. 18 வயது கடந்த ஒருவர் தானே தன் கதையைச் சொல்ல விரும்பினால், எழுதியதை அவரிடம் காட்டி, அவர் நீக்கச் சொல்வதை நீக்கிவிட்டு வெளியிடுங்கள். நடைநாளன்று நன்கொடையாளர்கள் முன்னால் இளைஞர்களை வரிசையாக நிறுத்தி நன்றி சொல்லச் சொல்வதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அவர்கள் விரும்பினால் கூட நடக்கட்டும், பாதையைத் திட்டமிடட்டும், ஓய்விடத்தை நடத்தட்டும். ஒருமுறை அப்படி நடந்த ஓர் இளைஞர்தான் கொப்புளத்தோடு தவித்த எனக்கு ஒட்டுநாடா ஒட்டிவிட்டு, கடைசி ஐந்து கிலோமீட்டர் பேச்சுத் துணையாக வந்தார்.

நடக்கும் நாள்

பொதுச் சாலையில் பலர் சேர்ந்து நடப்பதாக இருந்தால் உள்ளூர் நிர்வாகத்தின், காவல் துறையின் அனுமதியைப் பல வாரம் முன்பே கேட்டுவிடுங்கள். முதலுதவிக்கும், நடக்க முடியாதவரை ஏற்றிவர ஒரு வண்டிக்கும் ஏற்பாடு வேண்டும். ஆட்கள் அதிகம் என்றால் காப்பீடு பற்றி நிறுவனத்திடம் பேசுங்கள்.

வெயில் ஏறும் இடமானால் விடியும் முன் கிளம்புங்கள். நடைபாதை இல்லாத சாலையில் எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி ஓரமாக நடப்பது பாதுகாப்பு. இருட்டில் ஒளியைப் பிரதிபலிக்கும் பட்டை அவசியம். குழுவில் மிக மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். அவர் பின்னால் இருந்தால் மற்றவர்கள் காத்திருந்து இளைப்பாறிவிட்டு, அவர் வந்து சேர்ந்ததும் கிளம்பிவிடுவார்கள். அவருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது. எல்லோருக்கும் கடைசியில் அனுபவமுள்ள ஒருவர் வர வேண்டும், அவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது.

முதல் மணி நேரத்தில் எல்லோரும் வேகமாகவே நடப்பார்கள். நீங்கள் பழகிய வேகத்திலேயே போங்கள். தாகத்துக்கு ஏற்பத் தண்ணீர் குடியுங்கள், மணிக்கணக்கில் வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும். உப்புச் சேர்ந்த ஏதாவது ஒன்றையும் இடையிடையே சாப்பிடுங்கள். புதிய உணவை அன்று முயல வேண்டாம். நெஞ்சு வலி, தலைசுற்றல், குழப்பம், வெயிலிலும் குளிர்வது போன்ற உணர்வு வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். இருபதாவது கிலோமீட்டரில் நிறுத்தியதற்காக எந்த நன்கொடையாளரும் பணத்தைத் திரும்பக் கேட்டதில்லை.

வழியில் இரண்டு இடத்திலாவது நின்று ஒரு படமும் இரண்டு வரியும் அனுப்புங்கள். தருவதாகச் சொல்லிவிட்டு மறந்திருந்தவர்கள் அந்த நேரத்தில்தான் அனுப்புவார்கள். என் அனுபவத்தில் கடைசி நாளில் வரும் தொகை சிறிதல்ல.

பணம் போய்ச் சேர வேண்டும்

முடிந்தவரை எல்லாப் பணமும் நேரடியாக நிறுவனத்தின் கணக்குக்கே போகட்டும். ரொக்கமாகத் தருகிறவர்கள் இருப்பார்கள். அதை இன்னொருவர் முன்னிலையில் எண்ணி, பெயரும் தொகையும் தேதியும் எழுதி, மறுநாளே செலுத்திவிடுங்கள். உங்கள் பணத்தோடு ஒரு நாள்கூடக் கலக்க வேண்டாம். சட்டை, பதாகை, தண்ணீர் ஆகியவற்றுக்கான செலவை நன்கொடையிலிருந்து எடுக்காமல் குழுவினரே பகிர்ந்துகொள்ளுங்கள், அல்லது அதற்கென்றே ஒரு ஸ்பான்சரைப் பிடியுங்கள். எடுத்தே ஆக வேண்டும் என்றால் கேட்கும்போதே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

தந்தவருக்கு அன்றே, தாமதமானால் மறுநாள், பெயர் சொல்லி நன்றி எழுதுங்கள். நடை முடிந்த ஒரு வாரத்துக்குள் எல்லோருக்கும் ஒரு கணக்கு அனுப்புங்கள். எத்தனை பேர் தந்தார்கள், மொத்தம் எவ்வளவு, எந்தத் தேதியில் நிறுவனத்துக்குப் போனது, ரசீதின் படம். நான்கு வரிகள் போதும்.

ஆறு மாதம் கழித்து வரும் ஒரு தேதியை இன்றே நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அன்று நிறுவனத்துக்குப் போன் செய்து, அந்தப் பணம் என்ன செய்தது என்று கேளுங்கள். எத்தனை பேர் பயிற்சியை முடித்தார்கள், எத்தனை பேர் நடுவில் விட்டார்கள், விட்டவர்கள் ஏன் விட்டார்கள். கேட்டதை மறைக்காமல், ஆனால் யாரையும் அடையாளம் காட்டாமல், அந்த அறுபது பேருக்கும் எழுதுங்கள். பணம் தராதவர்களின் பெயரையும் அந்தப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டாம்.